பெர்லினில் ஒரு தலைதீபாவளி

வெடி இல்ல சார், துணி. கண்டக்டர்கிட்டயும் அதான் சொன்னேன். நம்பல. பையை வெளியிலேருந்தே அமுக்கி அமுக்கிப் பாக்கறான். தீபாவளி வந்துட்டாப் போதும், வயசானவன் மடியில பை இருந்தா உள்ள வெடிதான்னு முடிவு பண்ணிடறானுங்க. பேரனுக்கா தாத்தா, பஸ்ஸுல ஏத்தக் கூடாது தாத்தா, ஆபத்து தாத்தான்னு பாடம் எடுக்கறான். வெடியைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறான்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவால்ல. நீங்க நாகூரா? நான் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, டி.ஆர்.பட்டினம். காரைக்கால் தாண்டினதும் வரும். இல்ல, மேல வைக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். கனம் ஒண்ணுமில்ல. ஒரு புடவைதான்.

பேரு ஞானாதிக்கம். பாண்டிச்சேரியில சொல்தா ஞானாதிக்கம்னு கேட்டா வீட்டைக் காட்டுவாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்சன் வாங்கறவனை எங்க ஊர்ல சொல்தான்னுதான் சொல்றது. நல்ல பென்சன். குறையே இல்ல. மாடி வீடு. பொண்ணு பாரிஸ்ல இருக்கா. குறைன்னு பாத்தா எனக்கு ஒருத்தன் மேல மட்டும்தான் சார், ஒரே ஒருத்தன் மேல. இந்த வெடிப் பேச்சு எடுத்தா அவன் ஞாபகம் வந்துடுது. வெடிப் பேச்சு எடுக்காட்டியும் வந்துடுது, அது வேற.

அவனுக்கு இன்னிக்குப் பதினாறாம் நாள். அங்கதான் போய்க்கினு இருக்கேன்.

தெய்வசிகாமணின்னு பேரு. பட்டினத்துக்காரன். அவனும் சொல்தாவா இருந்தவன்தான், பாதியில வந்துட்டான். வந்து இங்க காரைக்கால்ல லாரி ஓட்டினான். கடைசி வரைக்கும் லாரிதான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவனே ஒத்துக்கிட்டான். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நீங்க வேற மாதிரி நெனச்சிக்கக் கூடாது. யாரும் அவனை மாட்டிவிடல. அவனே ஒத்துக்கிட்டான்.

கடலூர் தாண்டிட்டமா? சரி, நேரம் இருக்கு. சொல்றேன்.

அறுபத்திரண்டாம் வருஷம். நாங்க பெர்லின்ல இருந்தோம். பெர்லின் தெரியுமில்ல? ஜெர்மனியில. சண்டையில ஜெயிச்சவனுங்க அந்த ஊரை நாலாப் பங்கு போட்டு வச்சிருந்தானுங்க. அமெரிக்காக்காரன், இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன் மூணு பேரும் ஒரு கட்சி. ரஷ்யாக்காரன் எதிர்க்கட்சி. சொத்துத் தகராறு முத்திப் போச்சுன்னா அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவுல சுவர் வைப்பாங்களே, அந்த மாதிரி முந்தின வருஷம்தான் ஊருக்கு நடுவுல சுவர் வச்சிருந்தானுங்க. சுவருக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் பங்குல நாங்க. பாண்டிச்சேரி, காரைக்கால் ஆளுங்க அங்க ரொம்பக் கிடையாது. நான், தெய்வசிகாமணி, இன்னும் ரெண்டு மூணு பேர். நான் கப்ரால், தோள்ல பட்டை போட்டவன். பயிற்சிச் சாமான் இருக்கிற ஸ்டோர் என் பொறுப்பு. அவன் லாரி டிரைவர்.

எனக்கு பிரெஞ்சு நல்லா வரும். சாமியாருங்க பள்ளிக்கூடத்துல படிச்சவன். அவனுக்கு வராது. வண்டி, பிரேக், வலது பக்கம், இடது பக்கம், சரிங்க முசே. அவ்வளவுதான் அவன் பிரெஞ்சு. எதுன்னாலும் என்னைத்தான் பாப்பான், அண்ணே இவன் என்ன சொல்றான்னு.

ஒரு நாள் கப்பித்தேன் எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தான். கப்பித்தேன்னா கேப்டன். நேட்டோன்னா என்ன, நாம ஏன் இங்க குளிர்ல நிக்கறோம், அதுதான் பாடம். கூட்டணியில இருக்கிற நாட்டுல ஒருத்தனை அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களாம். ஒருத்தன் மாட்டிக்கிட்டா மத்தவன் எல்லாரும் எழுந்திருக்கணுமாம். நான் தமிழ்ல சொல்லச் சொல்ல இவன் தலையாட்டிக்கினே கேட்டான். கடைசியில சொல்றான், "இதுக்கு எதுக்குண்ணே கையெழுத்து? பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்தா நம்ம ஊர்ல இதானே நடக்குது?"

அவன் அப்படித்தான் சார். எல்லாத்தையும் பட்டினத்துக்கு இழுத்துக்கினு வந்துடுவான்.

அந்த வருஷம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆச்சு. லீவுல வந்து கட்டிக்கினு, கப்பல்ல கூட்டிக்கினு வந்துட்டான். அம்சவேணின்னு பேரு. சின்னப் பொண்ணு. குளிருக்குப் புடவை மேல ஆம்பளை கோட்டைப் போட்டுக்கினு குடியிருப்பு வாசல்ல நிக்கும். அக்டோபர் மாசம் வந்தது, அழ ஆரம்பிச்சிடுச்சு. என்னம்மான்னு எங்க வீட்டுக்காரி செசில் கேட்டா, தலைதீபாவளிக்கு அப்பா வீடு இல்லாமப் போச்சேன்னு சொல்லுது. பொண்ணு மாப்பிள்ளை முதல் தீபாவளிக்குப் பொண்ணோட அப்பா வீட்டுக்குத்தானே போகணும். அவங்கப்பா பட்டினத்துல, இது பெர்லின்ல.

நான் வாயை வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். நான் கிறிஸ்தவன், எனக்குத் தீபாவளியே கிடையாது. ஆனா அழுவுதேன்னு சொன்னேன், "ஏம்மா அழுவற, நான்தான் உன் அப்பா. ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க, தலைதீபாவளி நான் பண்றேன்"னு. எனக்கு அப்ப இருபத்தெட்டு. அப்பாவாம்! செசில் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவ வேற அப்ப முழுகாம இருந்தா, வயித்தைப் பிடிச்சிக்கினு சிரிச்சா. தெய்வசிகாமணி மட்டும் சிரிக்கல. எழுந்து வந்து என் காலைத் தொட்டான். "இனிமே அண்ணன் இல்ல, மாமா"ன்னான். விளையாட்டுக்குத்தானே சார் நான் சொன்னது. அவன் அன்னியிலேருந்து மாமான்னே கூப்பிட்டான்.

சரி, மாமனார்னு ஆயிட்டா சீர் செய்யணுமில்ல? நல்லெண்ணெய் கிடையாது, சமையல்கட்டுல கேட்டு ஆலிவ் எண்ணெய் வாங்கி மிளகு போட்டுக் காய்ச்சினோம். சீயக்காய் அம்சவேணி பெட்டியிலயே இருந்துச்சு. செசில் அவ பெட்டியிலேருந்து கட்டாத புடவை ஒண்ணை எடுத்தா. மயில்கழுத்து நிறம். மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி. எல்லாம் ஆச்சு. வெடி?

தலைதீபாவளிக்கு முதல் வெடி மாப்பிள்ளைதானே வெடிக்கணும். அந்த ஊர்ல வருஷப் பிறப்புக்குத்தான் வெடி விப்பான். அக்டோபர்ல எங்க போறது? என் ஸ்டோர்ல இருந்துச்சு. பயிற்சி வெடி. கட்டை விரல் தடிமன்ல அட்டைக் குழாய், உள்ள மருந்து. சண்டைப் பயிற்சியில கையெறி குண்டுக்குப் பதிலா இதைப் போடுவாங்க. ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, சத்தம் மட்டும் அச்சு அசலா குண்டு சத்தம். அதுல ஒரு கைப்பிடி எடுத்துக் காகிதத்துல சுத்தி, மூலையில மஞ்சள் தடவி மாப்பிள்ளைகிட்டக் குடுத்தேன். ஆமா, நான்தான் குடுத்தேன். மாமனார் சீர் குடுத்தான். சீர் குடுக்கறது தப்பா சார்? சொல்லுங்க.

நான் குடுத்தப்ப எந்த உத்தரவும் இல்ல. அதை நல்லாக் கவனிச்சிக்கங்க.

அதுக்கப்புறம்தான் வந்துச்சு வினை. அமெரிக்காவுக்குப் பக்கத்துல கியூபான்னு ஒரு தீவு. அங்க ரஷ்யாக்காரன் ராக்கெட் கொண்டுபோய் வச்சிட்டான்னு அமெரிக்காக்காரன் ரேடியோவுல சொல்லிட்டான். சுத்திக் கப்பலை நிறுத்திட்டான். இந்தப் பக்கம் ரஷ்யாக் கப்பல் போய்க்கினே இருக்கு. நீ கியூபாவுல கை வச்சா நான் பெர்லின்ல கை வைப்பேன்னு ரஷ்யாக்காரன் கிளம்பிடுவான்னு பேச்சு. எங்கயோ தீவுல சண்டை, மாட்டிக்கிட்டது நாங்க. பொம்பளைங்க எல்லாம் பெட்டி கட்டி வச்சிக்கங்கன்னு சொல்லிட்டானுங்க. பெர்லின்லேருந்து எங்க போறது, சுத்தி அவன் நாடு! அதே வாரத்துலதான் இமயமலைல சீனாக்காரன் இந்தியாவை அடிக்க ஆரம்பிச்சான். சட்டப்படி நாங்க பிரெஞ்சுக்காரங்க. ஆனாலும் தெய்வசிகாமணி ரேடியோ பக்கத்துலயே உக்காந்திருப்பான், அண்ணே... இல்ல, மாமா, நம்ம ஊருக்கு எதாவது ஆச்சான்னு கேட்டுக்கினு. சீனாவுக்கும் பட்டினத்துக்கும் எவ்வளவு தூரம்னு அவனுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்துச்சு. துப்பாக்கி, வெடி, எதுவும் எங்கயும் சத்தம் வரக் கூடாது. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கம் என்ன நெனப்பான்னு சொல்ல முடியாது. பயிற்சி வெடி எல்லாத்தையும் பூட்டி வைன்னு என்னைக் கூப்பிட்டே சொன்னான் கப்பித்தேன். பூட்டினேன். இருந்ததைப் பூட்டினேன்.

தெய்வசிகாமணிக்குத் தெரியாது. அவன் லாரியில போயிருந்தான், ராத்திரி வந்து படுத்துட்டான். விடிஞ்சா தீபாவளி.

சொல்லணும்னுதான் இருந்தேன் சார். விடியறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் வந்தாங்க. செசில் எண்ணெய் வச்சா. குளிச்சிட்டு அந்தப் பொண்ணு மயில்கழுத்துப் புடவையைக் கட்டிக்கினு வந்து நின்னுது. எங்க ரெண்டு பேர் காலையும் தொட்டுக் கும்பிட்டுது. "கங்கா ஸ்நானம் ஆச்சாப்பா"ன்னு என்னைக் கேக்குது. முதல் தடவை அப்பான்னு கூப்பிட்டுது. அந்த முகத்தைப் பாத்துட்டு, வெடி கிடையாதும்மான்னு எப்படிச் சொல்றது? சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்னு இப்பச் சுலபமாச் சொல்லிடலாம். ஒண்ணுதானேன்னு நெனச்சேன். ஒண்ணே ஒண்ணு. உலகம் பூரா அணுகுண்டை வச்சிக்கினு இவனுங்க உக்காந்திருக்கானுங்க, எங்க மாப்பிள்ளை ஒரு வெடி வெடிச்சா என்னன்னு நெனச்சேன்.

அவன் கீழ இறங்கிப் போனான். நாங்க மூணு பேரும் பால்கனியில நின்னோம். அவன் வேட்டி கட்டியிருந்தான், குளிருக்கு உள்ள பட்டாளத்துக் கால்சட்டை. சுத்தி நாலு மாடிக் கட்டடம், நடுவுல முற்றம். வச்சான் பாருங்க. அந்தச் சத்தம் ஒவ்வொரு சுவத்துலயும் மோதித் திரும்பித் திரும்பி வருது. அம்சவேணி கையைத் தட்டுச்சு.

அவ்வளவுதான். எல்லா வீட்லயும் லைட்டு. பொம்பளைங்க குழந்தைங்களை இழுத்துக்கினு நிலவறைக்கு ஓடறாங்க. சைரன் அடிக்குது. வாசல்ல காவலுக்கு நின்னவன் பிரான்சுலேருந்து புதுசா வந்தவன், மீசை கூட முளைக்கல, பயத்துல சுட்டுட்டான். தெய்வசிகாமணி தலைக்கு மேல சுவர் பேந்து விழுந்துச்சு. அவன் ஓடல சார். கையில தீக்குச்சியோட எங்களைத்தான் அண்ணாந்து பாக்கறான், என்ன ஆச்சுன்னு. கொஞ்ச நேரத்துல சுவருக்கு அந்தப் பக்கமும் சைரன் அடிச்சுது. விளக்கை இந்தப் பக்கம் திருப்பிட்டானுங்க. வானம் பூரா வெளிச்சம். செசில் ஜெபமாலையை எடுத்துட்டா.

உலகம் அன்னிக்கு முடிஞ்சிருக்கும் சார். நான் மிகைப்படுத்திச் சொல்லல. அன்னிக்கு அவனவன் இருந்த நிலைமைக்கு, அந்தப் பக்கத்துல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்திருந்தாப் போதும்.

அன்னிக்குக் காலையிலயே விசாரணை. கப்பித்தேன் கேட்டான், இவன் ஒத்துக்கிட்டான். நானே ஸ்டோர்லேருந்து எடுத்தேன்னு ஒத்துக்கிட்டான். முடிஞ்சுது. ஜெயில்ல வச்சிருந்து, வேலையிலேருந்து நீக்கிக் கப்பல் ஏத்திட்டானுங்க.

என்ன பாக்கறீங்க? அவனே ஒத்துக்கிட்டதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நான் குறுக்க விழுந்து, இல்ல நான்தான் குடுத்தேன்னு சொல்லியிருந்தா என் பட்டை போயிருக்கும், வேலையும் போயிருக்கும். செசில் முழுகாம இருந்தா, சொன்னேனே.

வேடிக்கை என்ன தெரியுமா? நாங்க சனிக்கிழமை இந்தக் கூத்து அடிச்சோம். ஞாயித்துக்கிழமை அவனுங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டானுங்க! ரேடியோவுல சொல்லிட்டான். ராக்கெட்டை எடுத்துக்கறேன்னு ரஷ்யாக்காரன் சொல்லிட்டான். பதிலுக்கு அமெரிக்காக்காரனும் துருக்கியில வச்சிருந்ததைச் சத்தமில்லாம எடுத்துட்டான்னு பின்னாடி படிச்சேன். நீ ஒரு அடி எடு, நான் ஒரு அடி எடுக்கறேன். அணுகுண்டு வச்சிருந்தவனுங்க அப்படிப் பேசித் தீத்துக்கிட்டானுங்க. நாங்க ரெண்டு பேரும் நாப்பத்திரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசிக்கல.

அதான் சார் என் வருத்தம். அவன் என்னைத் திட்டியிருக்கலாமில்ல? ஒரு கார்டு போட்டு, யோவ் ஞானாதிக்கம், நீயெல்லாம் மனுசனான்னு கேட்டிருக்கலாமில்ல? ஊர்ல நாலு பேர்கிட்டச் சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கலாம். ஒண்ணும் பண்ணல. நான் முழு சர்வீஸும் முடிச்சிட்டு எழுபத்தஞ்சுல பாண்டிச்சேரி வந்தேன். முதல் தீபாவளிக்கு ஒரு புடவை, ஒரு வேட்டி எடுத்து, இதே மாதிரி காரைக்கால் பஸ்ஸுல கண்டக்டர்கிட்டக் குடுத்து விட்டேன். திருப்பி அனுப்புவான்னு பாத்தேன். மூஞ்சியில விட்டெறிவான்னு பாத்தேன். வாங்கிக்கிட்டான். பதிலுக்கு வஞ்சிரக் கருவாடு வந்துச்சு, மாமா வீட்டுக்குன்னு. வருஷா வருஷம் நான் யார்கிட்டயாவது துணி குடுத்து விடுவேன், வருஷா வருஷம் கருவாடு வரும். செசில் குழம்பு வைப்பா. எனக்கு அது தொண்டையில இறங்கினதில்ல.

போய்ப் பாத்திருக்கலாம்கிறீங்க. இந்தா இருக்குது காரைக்கால், நாலு மணி நேரம் கூட இல்ல. எனக்கு முட்டி வலி. முதல்ல முட்டி வலி இல்லதான்.

செசிலுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. நான் கோயில்ல சாமியார்கிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வெளிய வரப்பல்லாம் வாசப்படியில நின்னு என் முகத்தைப் பாப்பா. "சொன்னீங்களா?"ம்பா. எதைடின்னா முன்னாடி நடந்துடுவா. என்னத்தைச் சொல்றது சாமியார்கிட்ட? சீர் குடுத்தேன் சாமின்னா? பொய் சொன்னது, குடிச்சது, தங்கச்சி புருஷனோட சண்டை போட்டது, எல்லாம் சொல்லியிருக்கேன். அவ சாகறப்பக் கூட அதான் கேட்டா. போய்ச் சொல்லிட்டு வந்துடுங்கன்னு. சரின்னேன். அது ஆச்சு ஏழு வருஷம்.

இது சீர்காழியா? ஒரு டீ குடிக்கலாமா? வேணாம், இறங்கினா ஏற முடியாது. இருங்க.

பதினாறு நாளைக்கு முன்னாடி போன் வந்துச்சு. பாரிஸ்லேருந்து என் பொண்ணுன்னு எடுத்தா, பட்டினத்துலேருந்து அம்சவேணி. அழல. நிதானமாச் சொல்லுது. "அப்பா, அவரு போயிட்டாரு. காரியத்துக்குப் பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் போடணும். அங்க எனக்கு இப்ப யாருமில்ல."

புருஷன் செத்தா பொண்ணோட பொறந்த வீட்டுலேருந்து புதுப்புடவை கொண்டுவந்து சபையில வச்சுப் போடணும், தெரியுமில்ல? அப்பாவோ அண்ணன் தம்பியோ போடணும். அவங்கப்பா எப்பவோ போயிட்டாரு. தம்பி ஒருத்தன், அவனும் இல்ல. அதுக்காக? நான் வேற மதம், வேற சாதி. இருபத்தெட்டு வயசுல குளிர்ல ஒரு பேச்சுக்கு அப்பான்னு சொன்னவன். அதைப் பிடிச்சிக்கினு இன்னிக்கும் அப்பாங்குது.

முட்டி வலிம்மா, யார்கிட்டயாவது குடுத்து விடறேன்னேன். "இந்தத் தடவை குடுத்து விடாதீங்கப்பா. நேர்ல வாங்க"ன்னுது. கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அவன் என்னைப் பத்தி எதாவது சொன்னானாம்மா?"ன்னு கேட்டுட்டேன்.

அம்சவேணி சொல்லுது. "கப்பல்லயே சொல்லிட்டாருப்பா. நீங்க அன்னிக்கு பிரெஞ்சுல சொன்னது அவருக்குப் புரிஞ்சுதாம். 'மாமனாரு வாயால வந்துடுச்சு, நான் எப்படி இல்லேங்கறது'ன்னாரு. அதுக்கப்புறம் நாங்க அந்தப் பேச்சே எடுத்ததில்ல. வெள்ளை வேணாம்பா. அந்த மயில்கழுத்து கலர்லயே எடுத்துக்கினு வாங்க."

புரிஞ்சுதாம் சார். வண்டி, பிரேக், வலது, இடது, இவ்வளவுதான் தெரியும்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன். நாப்பத்திரண்டு வருஷமா அதை நம்பித்தான் தூங்கினேன். அவனுக்கு என்ன புரிஞ்சிருக்கப் போவுது, நான் என்ன சொன்னேன்னே அவனுக்குத் தெரியாதுன்னு.

இல்ல, உங்களுக்குச் சரியாச் சொல்லல நான். விசாரணையில அவன் பேசல. அவனுக்கு பிரெஞ்சு வராதுன்னு மொழிபெயர்க்க என்னைத்தான் நிறுத்தினானுங்க. நானும் அவனும் பக்கத்துப் பக்கத்துல நிக்கறோம். கப்பித்தேன் தூங்கி எத்தனை நாளாச்சோ, கண்ணு ரெத்தமா இருக்கு. இதை உனக்கு யாரு குடுத்தான்னு கேளுன்னான். நான் தமிழ்ல கேட்டேன், "யாரு குடுத்தான்னு கேக்கறாரு." அவன் என்னைப் பாத்தான். கோபம் இல்ல, ஒண்ணுமில்ல. என்னைக்கும் பாக்கற மாதிரிதான் பாத்தான், இவன் என்ன சொல்றான்னு கேப்பானே, அப்படி. "நீங்களே சொல்லுங்க மாமா"ன்னான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. நீங்களே சொல்லுங்க மாமா.

நான் கப்பித்தேன் பக்கம் திரும்பி, தானே எடுத்ததாச் சொல்றான் முசேன்னு சொன்னேன். ஸ்டோர்ல பூட்டு இல்லியான்னு கேட்டான். இவன் சிகரெட் பிடிக்க அங்க வந்து உக்காருவான், எனக்குத் தெரியாம எடுத்திருப்பான்னேன். நேத்து உத்தரவு இவனுக்குத் தெரியுமான்னான். தெரியும்னேன். நான் எதையும் இவன்கிட்டக் கேக்கல. இவன் சும்மா தலையாட்டினான். புரியாம ஆட்டறான்னு நெனச்சேன்.

அவனே ஒத்துக்கிட்டான்னு நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா? அம்சவேணி போன் பண்ணின அன்னிக்கு ராத்திரி கூட எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். வாய்ல வரல சார். இன்னிக்குத்தான் உங்ககிட்ட வந்துச்சு, முன்ன பின்ன தெரியாதவர்ங்கறதால.

இது என்ன, காரைக்காலா? தாண்டிட்டமா? அய்யய்யோ.

இங்க பாருங்க சார், நீங்க நாகூர்தானே போறீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பட்டினத்துல இறங்கி இந்தப் பையை மட்டும்... இல்ல, சும்மா கேட்டேன். வருஷா வருஷம் கேட்டுப் பழக்கம். குடுத்து விடாதீங்கப்பான்னு சொல்லியிருக்குது. எனக்குப் பயமா இருக்கு சார். உலகமே முடியப் போகுதுன்னு நின்ன அன்னிக்குக் கூட இந்தப் பயம் இல்ல. நாலு பேர் இருக்கிற சபையில யாரு இவருன்னு கேப்பான். எங்கப்பான்னு சொல்லும் அந்தப் பொண்ணு. அதை நின்னு கேக்கணும் நான். கேட்டுட்டு இந்தப் புடவையைப் போடணும்.

ஸ்டாப்புல ஒரு ஆள் நிக்கறான் பாருங்க, சுவத்துல சாஞ்சிக்கினு. மொட்டை அடிச்சிருக்கான். அவன் பையன்தான். நான் பாத்ததே இல்ல, ஆனாலும் தெரியுது. லாரியில சாஞ்சிக்கினு அவங்கப்பன் இப்படித்தான் நிப்பான். ஒவ்வொரு ஜன்னலா எட்டி எட்டிப் பாக்கறான். என்னைத்தான் தேடறான்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க. கையைக் குடுங்க, முட்டி மடங்கல. கண்டக்டர்! இருப்பா, இறங்கணும். வெடி இல்லப்பா, துணி, துணி. சார், படி வரைக்கும் வாங்களேன். நீங்கதானா தாத்தான்னு அவன் கேப்பான். எனக்கு வாய் வராது. எல்லாத்தையும் கேட்டீங்க இல்ல? நான் யாருன்னு அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க.